பிரதிநிதி மாவு

குளூட்டன் இல்லாத மாவுக் கலவை என்பது, கோதுமை மாவு செய்யும் வேலையைக் கோதுமை இல்லாமலே செய்து முடிக்க வேண்டிய கலவை. அரிசி மாவு, மரவள்ளி மாவு, உருளைக்கிழங்கு மாவு, கேழ்வரகு மாவு என்று சிலவற்றை வீட்டிலேயே அளந்து சேர்த்து டப்பாவில் அடைத்துவைத்து, கேக்குக்கும் ரொட்டிக்கும் பிஸ்கட்டுக்கும் எடுத்துக்கொள்கிறார்கள். சமையல் குறிப்பாகப் பார்த்தால் எல்லாம் அளவுதான். ஆனால் அளவைத் தீர்மானிக்கும் முன்பே ஒரு கேள்விக்கு விடை தெரிந்தாக வேண்டும்: ஒரு பொருளின் இடத்தில் வேறொன்றை வைக்கும்போது, வைத்த பொருள் எதற்கு ஈடாக நிற்கிறது? பழைய பொருளின் பெயருக்கா, தோற்றத்துக்கா, அதன் உறுப்புகளுக்கா, அல்லது அதைக் கொண்டு நிறைவேற வேண்டிய காரியத்துக்கா? இந்திய மரபில் இதை மிக நுணுக்கமாக விசாரித்தவர்கள், வேத வேள்வி விதிகளை ஆராய்ந்த மீமாம்சகர்கள். அவர்கள் முன்னால் இருந்ததும் மாவுதான். வேள்வியில் இடும் புரோடாசம் என்னும் அடை, தானியத்தைக் குற்றி அரைத்துப் பிசைந்து ஓட்டுச் சில்லுகளின்மேல் சுட்டெடுப்பது.

ஜொகூர் நீரிணைக் கரையிலுள்ள பாசிர் கூடாங்கில் இந்தக் கேள்வி சற்று விசித்திரமான உருவில் நிற்கிறது. 1977இல் ஜொகூர் துறைமுகம் இயங்கத் தொடங்கியது முதல் செம்பனை எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் இரசாயனத் தொழிற்சாலைகளுமாக வளர்ந்த ஊர் இது. மலேசியா உண்ணும் கோதுமை முழுவதும் கப்பலில்தான் வருகிறது. அதில் ஒரு பங்கு அரைபடுவது இங்கே: மலாயன் ஃப்ளவர் மில்ஸ் நிறுவனத்துக்கு லூமுட்டில் ஒரு ஆலையும் பாசிர் கூடாங்கில் ஒரு ஆலையும் உண்டு, ஃபெடரல் ஃப்ளவர் மில்ஸ் குழுமத்தின் ஜொகூர் பாரு மாவு ஆலையும் இந்தத் தொழிற்பேட்டையில்தான் இருக்கிறது. கோதுமைக்குத் தட்டுப்பாடே வராத ஊர் ஒன்றை மலேசியாவில் காட்டச் சொன்னால் இதைக் காட்டலாம். அப்படிப்பட்ட ஊரில் ஒரு வீட்டில் கோதுமைக்கு மாற்று தேடுகிறார்கள் என்றால், கிடைக்காமை அதற்குக் காரணமாக இருக்க முடியாது. மாற்றுப்பொருள் பற்றிய பழைய விதிகளோ பெரும்பாலும் கிடைக்காமையை வைத்தே எழுந்தவை. இந்த இடைவெளியில்தான் விசாரணைக்கு வேலை இருக்கிறது.

காரணம் உடலில் இருக்கிறது. கோதுமையில் கிளையடின், குளூட்டெனின் என்று இரு வகைப் புரதங்கள் உள்ளன. நீர் சேர்த்துப் பிசையும்போது அவை பின்னிக்கொண்டு இழுபடும் வலையாகின்றன. அந்த வலைதான் குளூட்டன். வாற்கோதுமையிலும் கம்பு என்று தவறாகச் சொல்லப்படும் ரை தானியத்திலும் இதன் உறவுப் புரதங்கள் உண்டு. (தமிழரின் கம்பு வேறு தானியம், அதில் குளூட்டன் கிடையாது.) சீலியாக் நோய் உள்ளவர்களின் நோய் எதிர்ப்பு அமைப்பு இந்தப் புரதத்தைக் கண்டதும் தன் சிறுகுடலையே தாக்குகிறது. குடலின் உட்சுவரில் உணவை உறிஞ்சும் விரலிகள் தேய்கின்றன. இரத்தசோகை, எடைக்குறைவு, எலும்புத் தேய்வு என்று அது பல வேடங்களில் வெளிப்படும். கோதுமைதான் குற்றவாளி என்பதை உறுதிப்படுத்தியவர் டச்சுக் குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே. 1930களிலேயே அவருக்கு அந்தச் சந்தேகம் இருந்தது. நெதர்லாந்தின் 1944–45 பஞ்சக் குளிர்காலத்தில் ரொட்டி கிடைக்காமல் போனபோது நோயாளிக் குழந்தைகள் தேறினார்கள். ரொட்டி திரும்பியதும் நோயும் திரும்பியது. 1950இல் தம் ஆய்வேட்டில் அதை முறையாக எழுதினார். ஒரு பொருள் இல்லாமற்போனதால் அதன் இயல்பு தெரியவந்த கதை இது.

தென்னிந்தியருக்கு இது அயல் நோய் என்ற எண்ணம் நெடுங்காலம் இருந்தது. 2016இல் வெளியான இந்தியப் பல்மைய ஆய்வு ஒன்று வடக்கே 1.23 விழுக்காட்டினரிடமும் தெற்கே 0.10 விழுக்காட்டினரிடமும் சீலியாக்கைக் கண்டது. நோய்க்கு இடங்கொடுக்கும் மரபணு வகைகள் இரு பகுதியிலும் இருந்தன. பெரிதும் வேறுபட்டது தட்டில் விழும் கோதுமையின் அளவு. மலேசியாவில் 2015இல் வெளியான ஆய்வில், நலமாக இருந்த 562 இளையோரில் 7 பேருக்கு, அதாவது 1.25 விழுக்காட்டினருக்கு, சீலியாக் எதிர்ப்புரதங்கள் காணப்பட்டன. காலையில் ரொட்டி சானாய், மதியம் மீ கோரெங், மாலையில் கறிப்பாப் என்று கோதுமை மூன்று வேளையும் புகுந்துகொண்ட நாட்டில் இது வியப்புக்குரியதல்ல. சோறுண்ட காலத்தில் அதே உடல்கள் இதை அறியாமலே வாழ்ந்திருக்கக்கூடும்.

இனி மீமாம்சை. ஜைமினியின் சூத்திரங்களில் ஆறாம் அத்தியாயத்தின் மூன்றாம் பாதம் பெரும்பகுதி மாற்றுப்பொருளைப் பற்றியே பேசுகிறது. முதலில் இரண்டு நிலைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நெல்லாலும் வேட்கலாம், யவம் என்னும் வாற்கோதுமையாலும் வேட்கலாம் என்று விதியே இரண்டைச் சொன்னால் அது விகற்பம். இரண்டும் சம உரிமை உடையவை. எதைத் தேர்ந்தாலும் குறையில்லை. விதித்த பொருள் கெட்டுப்போனாலோ கிடைக்காமல் போனாலோ அதன் இடத்தில் வைப்பது பிரதிநிதி. அதற்குத் தனியுரிமை இல்லை. மூலத்தின் நிழலில்தான் அது நிற்கிறது. இந்த வேறுபாட்டின் கூர்மை ஒரு துணை விதியில் தெரியும். நெல்லைத் தேர்ந்து சடங்கைத் தொடங்கிய பின் நெல் கெட்டுப்போனால், யவத்துக்குத் தாவக் கூடாது. யவம் சம உரிமை உள்ளதுதான். ஆனால் தேர்வு முடிந்துவிட்டது. இப்போது தேட வேண்டியது நெல்லுக்கு ஒப்பானதை, அதாவது நீவாரம் என்னும் காட்டு நெல்லை. (வேதச் சடங்கில் சமமாக வைத்த இந்த இரு தானியங்களில் ஒன்றில் குளூட்டன் உண்டு, மற்றதில் இல்லை என்பது இன்றைய கண்ணுக்கு மட்டும் படும் செய்தி.)

நீவாரம் ஏன் தகும்? உரைகாரரான சபரரின் விளக்கம் அழகானது. விதி நெல் என்ற இனத்தைச் சொல்கிறது. ஆனால் இனத்தைக் குற்ற முடியாது, அரைக்க முடியாது. குற்றப்படுவதும் அரைபடுவதும் இந்த நெல்மணியும் அதன் பகுதிகளும்தான். அந்தப் பகுதிகளில் பல நீவாரத்திலும் இருக்கின்றன. ஆகவே நீவாரத்தை எடுப்பவன் வேறொரு பொருளை எடுத்தவனல்லன். நெல்லின் பகுதிகளில் கிடைத்தவரை எடுத்தவன். வைசேஷிகர்களுக்கு இது எளிதில் செரிக்காது. உறுப்புகளின் தொகுதி வேறு, அவற்றால் ஆன முழுமையாகிய அவயவி வேறு என்பது அவர்கள் கொள்கை; பகுதிகள் ஒத்திருப்பதால் முழுமை ஒத்துவிடாது. சமையலறையில் இரு தரப்பும் பாதி வெல்கின்றன. கோதுமையின் பகுதிகளுக்குத் தனித்தனியே ஈடு தேடினால்தான் கலவை உருவாகும். ஆனால் எல்லா ஈடுகளையும் சேர்த்த பின்னும் வருவது கோதுமை ரொட்டி அல்ல என்பதை முதல் கடியே சொல்லிவிடும்.

பகுதி பகுதியாக ஈடு தேடுவது எப்படி என்று பார்த்தால் சபரரின் வாதம் கைக்கு அடங்கிய வடிவில் கிடைக்கிறது. கோதுமை மாவு அடுப்பில் நான்கு காரியம் செய்கிறது. அதன் மாச்சத்து நீரை உறிஞ்சி வெந்து கெட்டிப்பட்டு உடம்பாகிறது. குளூட்டன் வலை, பொங்கிவரும் காற்றைப் பிடித்துவைக்கிறது. புரதமும் சர்க்கரையும் கூடி மேல்தோலைச் சிவக்க வைக்கின்றன. சுவையும் பெரும்பகுதி அங்கிருந்துதான். நான்காவது ஈரத்தைத் தக்கவைப்பது. ஒரே மாவு இந்த நான்கையும் செய்வதால் யாரும் அவற்றைப் பிரித்து எண்ணுவதில்லை. குளூட்டன் இல்லாத எந்த ஒரு தானியமும் நான்கையும் தனியாகச் செய்யாது. அரிசி மாவு உடம்பைத் தரும்; ஆனால் தனித்து நின்றால் உதிரும், நறநறக்கும். மரவள்ளி மாவு இழுவையும் மொறுமொறுப்பும் தரும், கூடினால் பசையாகிவிடும். உருளைக்கிழங்கு மாவு மென்மையையும் ஈரத்தையும் காக்கும். வெள்ளைச்சோளம், கேழ்வரகு, கடலை மாவு ஆகியவை புரதத்தையும் நிறத்தையும் கொண்டுவரும். கடலை மாவின் பச்சை வாசம் மட்டும் கேக்கில் எட்டிப்பார்க்கும் என்பதால் அதைக் கைநடுங்கித்தான் போட வேண்டும்.

பொதுவான ஒரு கலவை: நைசான அரிசி மாவு 400 கிராம், வெள்ளைச்சோள மாவு அல்லது கேழ்வரகு மாவு 200 கிராம், மரவள்ளி மாவு 200 கிராம், உருளைக்கிழங்கு மாவு 200 கிராம். தானிய மாவு ஆறு பங்கும் கிழங்கு மாவு நான்கு பங்குமாக இது கேக்குக்கும் பிஸ்கட்டுக்கும் பொருந்தும். ரொட்டிக்குத் தானிய மாவை ஏழு பங்கு வரை உயர்த்தலாம். கோப்பையால் அளந்தால் ஏமாற்றும், ஏனென்றால் மரவள்ளி மாவும் கேழ்வரகு மாவும் ஒரே கோப்பையில் ஒரே எடை நிற்பதில்லை; தராசு வேண்டும். வலைக்கு ஈடாக ஒட்டும் பொருள் தனியே தேவை. ஸாந்தன் பிசின் ஒருவகை நுண்ணுயிரைக் கொண்டு நொதிக்கவைத்து எடுப்பது. கேக்கில் மாவின் எடையில் நூற்றுக்கு ஒரு பங்குக்குள் போதும், ரொட்டியில் இரண்டு மூன்று பங்கு வரை போகும். அதைவிட நாட்டு மருந்துக்கடை இசப்கோல் உமி ரொட்டிக்கு நன்றாக உழைக்கும்: நூறு கிராம் மாவுக்கு நான்கைந்து கிராம், கூடவே தாராளமாக நீர். கலந்த மாவை அரைமணி நேரம் ஊறவிட்டுப் பிறகு சுட்டால் அரிசியின் நறநறப்பு அடங்கும். அதிரசத்துக்குச் செய்வதுபோல் அரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் உலர்த்தி, ஈரம் முற்றும் போகுமுன் இடித்துச் சலித்த மாவு இதற்கு மிக உகந்தது. கடையில் கிடைக்கும் தாய்லாந்து அரிசி மாவும் ஈர அரைவையில் எடுத்த நைசான மாவுதான். ஜொகூரின் ஈரக்காற்றில் கலவையைத் திறந்துவைத்தால் கட்டியாகும். தவிடு நீக்காத மாவு சேர்ந்த கலவையைக் குளிர்ப்பெட்டியில் வைக்காவிட்டால் சிக்கெடுத்துவிடும்.

இங்கே மீமாம்சையின் இன்னொரு விதி நேரடியாகவே உதவுகிறது. பிரதிநிதியும் கெட்டுப்போனால் அடுத்துத் தேட வேண்டியது பிரதிநிதிக்கு ஒப்பானதையா, மூலத்துக்கு ஒப்பானதையா? மூலத்துக்கு ஒப்பானதையே என்பது முடிவு. நீவாரமும் தீர்ந்தால் நீவாரத்தின் சாயலைத் தேடி ஓடக்கூடாது. நெல்லை நினைத்துத் தேட வேண்டும். மரவள்ளி மாவு தீர்ந்துபோன வீட்டில், மரவள்ளியைப் போல் வெள்ளையாகவும் வழவழப்பாகவும் இருக்கும் எதையாவது கொட்டுவது பலரும் செய்யும் பிழை. மரவள்ளி அங்கே கோதுமையின் எந்தக் காரியத்துக்காக நின்றது என்று கேட்டால் விடை வேறு இடத்துக்குக் கூட்டிச்செல்லும்: இழுவைக்காக என்றால் புளூட் எனும் பசையரிசி மாவு, மொறுமொறுப்புக்காக என்றால் மக்காச்சோள மாவு. தோற்ற ஒப்புமையை நம்பும் மரபும் இருந்ததுதான். வேள்வி விலங்குக்குப் பதிலாக மாவைப் பிசைந்து விலங்கின் உருவில் செய்த பிஷ்டபசுவை மத்வ மரபினர் ஏற்றார்கள். உயிர்க்கொலையைத் தவிர்க்கும் கருணை அதில் இருந்தது. ஆனால் அவயவ ஒப்புமை என்ற சபரரின் அளவுகோலால் அளந்தால் அது தேறாது. வடிவம் மட்டும் ஒத்த கேக்குக்கும் இதே கதி.

இப்போது முதலில் எழுந்த சிக்கலுக்கு வரலாம். மூலப்பொருள் இல்லாதபோதுதான் பிரதிநிதிக்கு இடம். மூலம் கிடைத்துவிட்டால் மூலத்துக்கே திரும்ப வேண்டும். பாசிர் கூடாங்கில் மூலம் கப்பல் கப்பலாக வந்து இறங்குகிறது. அப்படியானால் சீலியாக் உள்ளவர் பயன்படுத்தும் மாற்று மாவுக்கு மீமாம்சையில் இடமில்லையா? இருக்கிறது, அதே பாதத்தில்தான் இருக்கிறது. வேள்வித் தூணுக்கு விதித்த கருங்காலி மரம் கிடைக்கிறது, ஆனால் விலங்கைக் கட்டித் தாங்காத அளவுக்கு மெலிந்திருக்கிறது. மாற்று மரமோ உறுதியாக இருக்கிறது. எதை எடுப்பது? பொருளுக்கும் காரியத்துக்கும் முரண் வந்தால் காரியமே வெல்லும் என்று முடிவு செய்தார்கள். பொருள் காரியத்துக்காக, காரியம் பொருளுக்காக அன்று. உணவின் காரியம் உடலைப் பேணுவது. கண்முன்னே இருந்தும் அந்தக் காரியத்தைச் செய்யாத, செய்யாததோடு கெடுக்கவும் செய்கிற கோதுமை, அந்த ஒருவர் அளவில் மெலிந்த தூண்தான். கிடைக்காமை என்பதைச் சந்தையில் மட்டும் பார்க்க வேண்டியதில்லை என்று இந்த விதியை விரித்துக்கொள்வது மீமாம்சையின் போக்குக்கு முரணானதாகத் தோன்றவில்லை.

அயல் மரபுகளில் விடை இத்தனை இளக்கமாக இல்லை. யூதர்களின் பஸ்கா விழா அப்பமாகிய மட்சா, கோதுமை, வாற்கோதுமை, ஸ்பெல்ட், ரை, ஓட்ஸ் என்று மரபு வழங்கும் ஐந்து தானியங்களில் ஒன்றால் மட்டுமே ஆக வேண்டும். அரிசியை ரபிகள் விலக்கியதற்குச் சொன்ன காரணம் கூர்மையானது: அரிசி மாவு புளித்துப் பொங்காது, கெட்டுத்தான் போகும், புளிக்கக்கூடியதைப் புளிக்காமல் காத்துச் சுடுவதில்தான் மட்சாவின் பொருளே இருக்கிறது. குளூட்டன் என்ற சொல் பிறப்பதற்கு ஆயிரத்து சில நூறாண்டுகள் முன்பே, அதன் வேலையைக் கண்டு தானியங்களை இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். (யோகனான் பென் நூரி என்ற ரபி மட்டும் அரிசியையும் தானியமாகவே எண்ணினார், அவர் கருத்து எடுபடவில்லை.) சீலியாக் உள்ள யூதர்களுக்குக் கலப்படமின்றி விளைவித்த ஓட்ஸால் மட்சா சுட்டுத் தருகிறார்கள். ஐந்தின் வேலியைத் தாண்டாமல் வேலிக்குள்ளேயே ஒரு வழி.

கத்தோலிக்கத் திருச்சபையில் வேலி இன்னும் இறுக்கம். நற்கருணை அப்பம் தூய கோதுமையால் ஆனதாக இருக்க வேண்டும் என்பது திருச்சபைச் சட்டத்தின் 924ஆம் விதி; தாமஸ் அக்குவினாஸும் தம் பேரிறையியல் நூலில் அதையே நிறுவினார். மலாக்கா–ஜொகூர் மறைமாவட்டத்தைச் சேர்ந்த பாசிர் கூடாங் தமிழ்க் கத்தோலிக்கரையும் இதே விதிதான் ஆள்கிறது. அரிசி, மரவள்ளி, ஸாந்தன் சேர்ந்த அப்பத்தை எந்தக் குருவும் பீடத்தில் வைக்க முடியாது. 2003இல் விசுவாசக் கோட்பாட்டுப் பேராயத்தின் தலைவராக இருந்த கர்தினால் ராட்சிங்கர் எழுதிய கடிதமும், 2017இல் திருவழிபாட்டுப் பேராயம் அனுப்பிய சுற்றறிக்கையும் ஒன்றைத் தெளிவாக்கின: குளூட்டன் முற்றும் நீக்கிய அப்பம் செல்லாது, அன்னியப் பொருள் சேராமல் அப்பமாவதற்குப் போதிய குளூட்டன் எஞ்சியிருந்தால் குறைந்த குளூட்டன் அப்பம் செல்லும். அதையும் தாங்காதவர் திராட்சை இரசத்தை மட்டும் அருந்தலாம். ஒவ்வொரு வடிவிலும் கிறிஸ்து முழுமையாக இருக்கிறார் என்பது கொள்கை.

இந்தச் சட்டத்தின் அடியில் உள்ள மெய்யியல் கவனிக்கத்தக்கது. அர்ப்பணிப்பின்போது அப்பத்தின் உட்பொருள் மாறுகிறது, புறப்பண்புகள் அப்படியே நிற்கின்றன என்பது 1551இல் திரெந்துப் பொதுச்சங்கம் உறுதிசெய்த கோட்பாடு. நிறம், சுவை, எடை போலவே குடலைப் புண்ணாக்கும் ஆற்றலும் புறப்பண்புகளின் பக்கம்தான் சேரும். ஆகவே அர்ப்பணித்த அப்பம் சீலியாக் நோயாளியைத் தாக்காது என்று திருச்சபை ஒருபோதும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அதனால்தான் சலுகை அளவின் வழியாக வந்தது. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் கிளைட் என்னும் ஊரிலுள்ள பெனடிக்டின் கன்னியர் உருவாக்கிய அப்பத்தில் குளூட்டன் 0.01 விழுக்காடு, அதாவது கிலோவுக்கு 100 மில்லிகிராம். அனைத்துலக உணவுத் தரநிர்ணய அமைப்பான கோடெக்ஸ் 2008இல் வகுத்த வரம்போ கிலோவுக்கு 20 மில்லிகிராம். ஐந்து மடங்கு மிகுதி என்று முதலில் திகைப்பு வரும். ஆனால் அந்த அப்பத்தின் எடை ஒரு கிராமில் சிறு பங்குதான் தேறும். உள்ளே போகும் குளூட்டன் ஒரு மில்லிகிராமில் நூறில் சில பங்குதான். பெரும்பாலான நோயாளிகளுக்கு நாளொன்றுக்கு 10 மில்லிகிராம் வரை தீங்கில்லை என்பது மருத்துவக் கணிப்பு. செறிவு வேறு, உட்கொள்ளும் அளவு வேறு. விதியும் உடலும் வெவ்வேறு கணக்கைப் பார்த்து ஒரே இடத்தில் சந்தித்திருக்கின்றன.

தமிழர் வழிபாட்டில் இந்தச் சிக்கல் பெரும்பாலும் எழவே இல்லை. முருகனுக்குத் தேனும் தினைமாவும். அம்மனுக்கும் பெருமாளுக்கும் பச்சரிசி இடித்து வெல்லம் சேர்த்த மாவிளக்கு. பிள்ளையாருக்கு அரிசி மாவுக் கொழுக்கட்டை. எல்லாக் கோவிலிலும் பொங்கல். படையல் மாவுகளில் கோதுமை வந்தது பின்னால், ரவைக் கேசரியாகவும் பூரியாகவும். இவை மாற்றாக வந்தவை அல்ல, சேர்க்கையாக வந்தவை. மலேசியக் கோவில்களில் கைநிறையக் கேசரி கொடுக்கும்போது அதை மறுக்கத் தயங்கும் நோயாளிக்கு இந்த வரலாறு தெம்பு தரலாம்: மரபின் மையத்தில் இருப்பது அவர் உண்ணக்கூடிய மாவுதான். மீமாம்சையின் ஒரு தடை இங்கே புன்னகைக்க வைக்கிறது. உளுந்தும் வரகும் வேள்விக்குத் தகாதவை, ஆகவே பிரதிநிதியாகவும் வரக்கூடாது என்று அது விலக்கியது. தமிழ்நாட்டுக் கோவில்களோ அதே உளுந்தை வடையாகச் சுட்டு மாலையாகக் கோத்து ஆஞ்சநேயருக்குச் சாத்துகின்றன. வேள்விச் சாலையின் சட்டம் வேள்விச் சாலையோடு நின்றுவிட்டது. அந்த உளுந்துதான் நான்கு பங்கு அரிசிக்கு ஒரு பங்காகச் சேர்ந்து, தன் வழவழப்பான பிசினாலும் புரதத்தாலும் காற்றைப் பிடித்து இட்லியை உப்பவைக்கிறது. ஸாந்தனுக்குப் பல நூற்றாண்டு முன்பே குளூட்டன் வலையின் வேலையைச் செய்தது அது. ஆனாலும் இட்லியை மாற்றுணவு என்று சொல்வது தவறு. அது எந்த மூலத்தின் நிழலிலும் நிற்கவில்லை. மலாய்க்காரரின் அரிசிமாவுப் பலகாரமான குவே தாலாமும் அப்படியே. பிரதிநிதி என்ற பேச்சு, கோதுமையை மூலமாகக் கொண்ட கேக்கும் ரொட்டியும் வரும்போது மட்டுமே எழுகிறது.

விரத நாளில்தான் தமிழருக்கு உண்மையான முடிச்சு விழுகிறது. உணவு என்றால் சோறு என்றிருந்த சமூகத்தில், அமாவாசை, கிருத்திகை போன்ற நாள்களில் ஒருவேளை சோற்றை விட்டுப் பலகாரம் உண்பதே விரதமாயிற்று. அந்தப் பலகாரத்தின் இடத்தைச் சப்பாத்தியும் கோதுமை ரவை உப்புமாவும் பிடித்துக்கொண்டன. உடலுக்குப் பொருந்துவதை விலக்கி, பொருந்தாததை உண்ணச் சொல்லும் நாளாக அது சீலியாக் நோயாளிக்கு மாறிவிடுகிறது. வடஇந்தியர் நவராத்திரி விரதத்தில் தானியத்தையே விட்டுவிட்டுப் பாப்பரை, தண்டுக்கீரை விதை, நீர்ச்செஸ்ட்நட் மாவுகளுக்குப் போகிறார்கள்; தற்செயலாக அவை எல்லாமே குளூட்டன் அற்றவை. தமிழ் விரதியும் அந்த வழியில் போகலாம், அல்லது தினை உப்புமாவோடு நிற்கலாம். மீமாம்சை இங்கும் ஒரு பிரிவினை தருகிறது. நாள்தோறும் பருவந்தோறும் கட்டாயமான நித்திய கருமத்தில் அங்கங்கள் எல்லாவற்றையும் நிறைவேற்ற முடியாவிட்டாலும் இயன்றவரை செய்தால் கருமம் நிறைவேறும். பிள்ளைப்பேறு வேண்டியும் செல்வம் வேண்டியும் செய்யும் காமிய கருமத்திலோ ஒன்றும் குறையக்கூடாது. முடியாதென்றால் தொடங்கவே கூடாது. அமாவாசை விரதத்தை முதல் வகையில் வைத்தால் உப்புமாவின் தானியம் மாறியதால் குறையொன்றுமில்லை. நேர்த்திக்கடனாக ஒரு குறிப்பிட்ட முறையை வாக்குக்கொடுத்தவருக்கு அத்தனை எளிதாக விடுதலை கிடைக்காது. உடல் தாங்காததை நேர்ந்துகொள்ளாமல் இருப்பதே அவருக்கு வழி.

பொருளைத் தேர்ந்த பிறகும் தூய்மை என்ற கேள்வி மிஞ்சுகிறது. மடி, தீட்டு என்று வளர்ந்த வீடுகளுக்கும், ஹலால் முத்திரை பார்த்து வாங்கும் அண்டை வீடுகளுக்கும் இதில் புதுமை ஒன்றுமில்லை என்று தோன்றும்: தனிப் பாத்திரம், தனிச் சல்லடை, தனி டப்பா. ஒழுங்கு ஒன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இருக்கும் தர்க்கம் வேறு. தீட்டு குளித்தால் போகும், நாள் கழிந்தால் போகும்; இஸ்லாமிய முறையில் கடும் அசுத்தம் பட்ட கருவியை ஏழு முறை கழுவி, அதில் ஒரு முறை மண்கலந்த நீரால் கழுவிச் சுத்தமாக்குகிறார்கள். தூய்மை அங்கே ஒரு செயலால் திரும்பி வருகிறது. குளூட்டனுக்குச் செயலும் தெரியாது, எண்ணமும் தெரியாது. எஞ்சிய மில்லிகிராம்கள் மட்டும் தெரியும். எவர்சில்வர் பாத்திரத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்தால் போதும், எந்தச் சடங்கும் வேண்டாம். ஆனால் கோதுமை அரைத்த மாவு மில்லில் அடுத்து அரைத்த அரிசி மாவு, எத்தனை பக்தியோடு அரைத்தாலும் நஞ்சுதான். ஒரு சிட்டிகைக் கோதுமை மாவிலேயே பத்து மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கிறது. வறுத்தாலும் சுட்டாலும் அது அழியாது. ஒளிந்து வருவதும் உண்டு: கட்டிப் பெருங்காயத்தில் மைதா சேர்ந்திருக்கலாம், கிச்சாப் என்னும் சோயா சாஸ் பெரும்பாலானவற்றில் கோதுமை உண்டு, மைலோவில் வாற்கோதுமை மால்ட் உண்டு. சாம்பாரை நம்பி உண்டவர் பெருங்காயத்தால் படுக்கையில் விழுந்த கதைகள் மருத்துவர்களுக்குப் புதிதல்ல.

பிரதிநிதி அனுமதிக்கப்படாத இடங்களையும் ஜைமினி வரையறுத்தார். தேவதைக்கும் அக்கினிக்கும் மந்திரத்துக்கும் கிரியைக்கும் மாற்று இல்லை. அவை காணப்படும் பயனுக்காக அமைந்தவை அல்ல, ஒன்று செய்யும் வேலையை இன்னொன்று செய்யும் என்று காட்ட வழியில்லை. வேள்வி செய்யும் தலைவனுக்கும் மாற்று இல்லை. பலன் அவனுக்குரியது; அவனிடத்தில் இன்னொருவனை நிறுத்தினால் அந்த வேள்வியே இன்னொருவனுடையது ஆகிவிடும். மாற்றத்தக்க ஒன்றாக எஞ்சுவது திரவியம், அதாவது பொருள். கத்தோலிக்க விதி பொருளை அசையாமல் நிறுத்தி, உண்பவர் எந்த வடிவில் பெறுவது என்பதை மட்டும் நெகிழ்த்துகிறது. மீமாம்சை வேள்வி செய்பவரை அசையாமல் நிறுத்திப் பொருளை நெகிழ்த்துகிறது. இரண்டில் எது ஆழமானது என்பது அவரவர் நம்பிக்கையைப் பொறுத்தது. ஆனால் வீட்டுச் சமையலறையை எடுத்துக்கொண்டால், இரண்டாவது முறைதான் அங்கே ஏற்கனவே நடந்துகொண்டிருக்கிறது.

நோய் இல்லாமலே கோதுமையைத் துறப்பவர்களின் நிலை இதிலிருந்து வேறு. அவர்களுக்கு மூலமும் கிடைக்கிறது, காரியமும் கெடவில்லை. ஆகவே அவர்கள் மாவுக் கலவை பிரதிநிதி ஆகாது, வெறும் விருப்பத் தேர்வு. தேர்வில் குற்றமில்லை. ஆனால் கடையில் விற்கும் குளூட்டனற்ற பண்டங்கள் பலவற்றில் நார்ச்சத்து குறைவு, மாச்சத்தும் சர்க்கரையும் மிகுதி என்பதால் ஆதாயமும் பெரிதாக இல்லை. இன்னொரு வகையினர் வயிற்றுக் கோளாறு கண்டதும் தாமாகவே கோதுமையை நிறுத்திவிட்டுப் பிறகு மருத்துவரிடம் போகிறவர்கள். மூலம் தகாது என்று தெளியும் முன் மாற்றுக்குப் போகக் கூடாது என்ற விதிக்கு இங்கே ஆய்வுக்கூடக் காரணமே இருக்கிறது. சீலியாக்கைக் காட்டும் இரத்தப் பரிசோதனை எதிர்ப்புரதங்களைத் தேடுகிறது. குளூட்டனை நிறுத்திச் சில மாதங்களில் அவை இரத்தத்திலிருந்து மறைந்துவிடலாம், குடல் விரலிகளும் தேறத் தொடங்கலாம். அப்போது பரிசோதனை நோய் இல்லை என்று சொல்லும். அதனால் பரிசோதனை முடியும் வரை அவர்கள் கோதுமையை வழக்கம்போல் உண்டுவர வேண்டும் என்றே மருத்துவர்கள் அறிவுறுத்துகிறார்கள். ஏற்கனவே நிறுத்திவிட்டவர் சில வாரங்கள் மீண்டும் உண்டுவிட்டு வர வேண்டியிருக்கும்.